மூன்றாவது குரல்

"யாருமே பயப்படலை, மேடம்" என்றார் வைரவன்.

செலின் திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ ஒரு படத்தின் கல்யாணப் பாட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டினீங்க?"

"பன்னிரண்டு பேருக்கு."

"ஒருத்தர்கூடவா பயப்படலை?"

"ஒருத்தர் திடுக்குனு எழுந்தார். அப்புறம் பார்த்தா, அவர் மடியில டீ கொட்டியிருக்கு."

குரு சிஷ்யன் கதை என்றால் குருவுக்கு வெள்ளைத் தாடியும் சிஷ்யனுக்கு அரும்பு மீசையும் இருக்க வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ். நரை வைரவனுடையது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. செலினுக்கு முப்பத்தாறு. ஆசிரமம் இருந்தது சாலிகிராமத்தில், ஒரு மெஸ்ஸுக்கு மேல் மாடியில். வெயில் புகாத எடிட்டிங் அறை. குளச்சலிலிருந்து வந்த செலின் பதினான்கு வருடமாக அங்கே உட்கார்ந்து, மற்றவர்கள் ஆசை ஆசையாக எடுத்ததையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தார்.

வைரவன் இருபத்திரண்டு வருடம் உதவி இயக்குநர். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். வைரவன் பொறுத்த பொறுமைக்கு ஒரு வாடகை வீட்டைத்தான் ஆண்டார். கடைசியில் முதல் படம் கிடைத்தது. கொலைக் கதை. தயாரிப்பாளர் திரவியம் அண்ணாச்சி, தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருப்பவர். முதல் காட்சியைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"வெள்ளிக்கிழமை திரும்ப வருவேன். முத சீன்ல நான் நிமிந்து உக்காரணும். இல்லன்னா வேற ஆளை வச்சு எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படம் போனால் மயிரே போச்சு என்று வைரவனால் இருக்க முடியவில்லை. காரணம் அரசி.

மங்கையர்க்கரசி, அவருடைய மனைவி. எட்டு மாதத்துக்கு முன், "அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று தேவகோட்டைக்குப் பஸ் ஏறினாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. போனாள், அவ்வளவுதான். வரவில்லை. வைரவனும் போய்க் கூப்பிடவில்லை. இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவளிடம் வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? படத்தோடு போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாகக் கட்டிலில் தன் பக்கத்தில் மட்டும் படுத்து எழுந்தார். நடுவில் படுத்தால் கேட்பதற்கு ஆளில்லை. ஆனாலும் நகர முடியவில்லை.

"போடுங்க, பாப்போம்" என்றார் செலின்.

ஏழு நிமிடம் ஓடியது.

ராத்திரி. மழை. தனி வீடு. கணவன் காணாமல் போய் ஆறு மாதம் ஆன கௌசல்யா என்ற பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலில் நிழல் நகர்கிறது. கேமரா சாய்கிறது. பூனை பாய்கிறது. மின்னலில் கத்தி பளபளக்கிறது. பின்னணியில் நாற்பது வயலின்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒப்பாரி வைக்கின்றன.

"வெளிய நிக்கிறது யாரு?"

"புருஷனோட தம்பி, மேடம். அண்ணன் குரலும் தம்பி குரலும் ஒரே மாதிரி இருக்கும். அதான் கதையில முடிச்சு. அவன்தான் கொலைகாரன்."

செலின் முதலில் வயலினை நிறுத்தினார். பிறகு பூனையைத் தூக்கினார். வைரவன் பொறுத்துக்கொண்டார். மின்னல் போயிற்று. அதையும் பொறுத்தார். கத்தியில் கை வைத்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கத்தி இல்லாம கொலைப் படமா, மேடம்?"

"போஸ்டர்ல ரத்தம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப டிக்கெட் வாங்கறப்பவே தெரிஞ்சுடும். திரும்ப எதுக்குச் சொல்லணும்?"

கத்தி போயிற்று. நிழலும் போயிற்று.

"இப்ப என்ன மிச்சம்?"

"ஒரு பொண்ணு உக்காந்திருக்கா."

"எங்க பாக்கறா?"

"ஜன்னலை."

"ஏன்?"

"நிழல் அங்கதானே வரும். அதனால அங்க பாக்கச் சொன்னேன்."

"நிழல் வரப்போறது அவளுக்கு எப்படித் தெரியும்?"

வைரவனின் இருபத்திரண்டு வருட அனுபவம் வாயை மூடிக்கொண்டது.

"சார், கொஞ்சம் வெளிய போய் உக்காருங்க. கதவைத் திறப்பேன். அப்ப உள்ள வந்தா போதும்."

வெளியே வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. வைரவன் உட்கார்ந்தார். எதிரே கதவு. கீழே மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. என்ன பாடம் இது என்று கோபம் வந்தது. வயதுக்காவது மரியாதை வேண்டாமா?

உள்ளே நாற்காலி நகர்ந்தது. வைரவன் எழுந்தார். ஒன்றும் நடக்கவில்லை. உட்கார்ந்தார்.

உள்ளே செருப்புச் சத்தம். கதவுவரை வந்தது. நின்றது. கைப்பிடி கொஞ்சம் அசைந்தது போல இருந்தது. பிறகு சத்தம் திரும்பிப் போய்விட்டது.

கீழே மெஸ்ஸின் சத்தம் இப்போது வைரவனின் காதில் விழவில்லை. கதவுக்குப் பின்னால் துணி உரசுவதுகூடக் கேட்டது. கைப்பிடியில் ஒரு கீறல் இருந்தது. இவ்வளவு நாள் வந்து போன கதவில் அதை அவர் பார்த்ததே இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"எத்தனை தடவை கதவுகிட்ட வந்தேன்?"

"நாலு தடவை. மூணாவது தடவை ரொம்ப நேரம் நின்னீங்க."

"மியூசிக் போட்டேனா?"

"இல்ல."

"கேமராவைச் சாய்ச்சேனா?"

வைரவன் சிரித்துவிட்டார். பிறகு யோசித்துச் சொன்னார்: "ஆனா அது பயம் இல்ல, மேடம்."

"பின்ன?"

"நீங்க திறக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

செலின் தலையாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஏழு நிமிடத்துக்காக எடுத்த எல்லாத் துண்டுகளையும் வரிசையாக ஓட்டினார். டேக் ஒன்று, டேக் இரண்டு, டேக் ஒன்பது. ஒவ்வொன்றிலும் வைரவனின் குரல் 'ஆக்‌ஷன்' என்றதும் அந்தப் பெண் கண்ணை அகல விரித்துப் பயந்தாள். நன்றாகவே பயந்தாள். அதுதான் பிரச்சினை.

ஒரு துண்டு வந்ததும் செலின் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து, அதை ஓடவிட்டார்.

அது டேக்கே இல்லை. ஒளிப்பதிவாளர் ஃபோகஸ் சரிபார்க்க ஓடவிட்டிருந்தது. ராத்திரிக் காட்சிக்காக ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுவதற்கு முன்னால் எடுத்தது. அறை முழுக்க உச்சிவெயில் அடித்தது. அந்தப் பெண் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கதவையே பார்த்தாள். எங்கேயோ ஏதோ கேட்டது போலத் தலையைத் தூக்கினாள். பாதி எழுந்தாள். இல்லை என்று தெரிந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தலையைத் தூக்கினாள். இந்த முறை முழுதாக எழுந்து நின்றாள்.

"இது குப்பை, மேடம். அவ சாப்பாட்டுக்குக் காத்துக்கிட்டிருந்தா. சாம்பார் சாதம் வர லேட் ஆயிடுச்சு அன்னைக்கு."

"காத்திருக்கறது முகத்துக்குத் தெரியும். எதுக்குன்னு தெரியாது."

"வெயில் அடிக்குதே. நமக்கு ராத்திரிதானே வேணும்?"

"உங்க ஊர்ல பேய் ராத்திரி மட்டும்தான் வருமா?"

வைரவன் ஊர்ப் பக்கம் உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் போக மாட்டார்கள்.

"இவளுக்கு யார் வரணும்?" என்றார் செலின்.

"கொலைகாரன்."

"அது உங்களுக்கு. இவளுக்கு யார் வரணும்?"

வைரவன் திரையைப் பார்த்தார். கதவைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் அப்படியே நிறுத்தப்பட்டிருந்தாள்.

"புருஷன்" என்றார்.

"அப்ப புருஷன் குரல் வரட்டும். வெளியேருந்து பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும்."

"கூப்பிட்டதும் இவ போய்க் கதவைத் திறந்துடுவாளே. ஒரு நிமிஷத்துல சீன் முடிஞ்சுடும்."

"திறந்துடுவாளா?"

"திறக்க மாட்டாளா பின்ன? ஆறு மாசம் கழிச்சு..." என்று தொடங்கிய வைரவன் நிறுத்தினார்.

திரையில் இருந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எங்க வீட்டுல திறக்க மாட்டா, மேடம்."

"யாரு?"

"அரசி. முதல் குரலுக்குத் திறக்க மாட்டா. ரெண்டாவதுக்கும் மாட்டா. பேய், முனி எல்லாம் நமக்கு வேண்டப்பட்டவங்க குரல்லதான் வந்து கூப்பிடுமாம். ஆனா அதுக்கு ரெண்டு தடவைதான் வாய் வருமாம். மூணாவது தடவை கூப்பிட்டா மனுஷன். அவ அம்மா சொல்லிக்கொடுத்தது. கதவுல ஓட்டை இருக்கு, அதுல பாருன்னு சொல்வேன். மாட்டா. முனி ரூபத்தையும் எடுத்துக்கும்பா."

"நீங்க என்ன செய்வீங்க?"

"மூணு தடவை கூப்பிடுவேன். திட்டிக்கிட்டேதான். அவ கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிப்பா. தாழ்ப்பாள்ல கை வச்சுக்கிட்டு. வளையல் சத்தம் எனக்குக் கேக்கும்."

வைரவனே தொடர்ந்தார். சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்துவது கஷ்டமாக இருந்தது.

"போன வருஷம் பொள்ளாச்சியில நாப்பது நாள் ஷூட்டிங். டைரக்டர் எல்லார் முன்னாடியும் என்னை நாயேன்னு திட்டிட்டார். மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். நல்ல வெயில். போன்ல சார்ஜ் இல்ல. ரெண்டு தடவை கூப்பிட்டேன். திறக்கலை. எனக்கு என்ன வந்துச்சோ, திரும்பி நடந்துட்டேன். கம்பெனி ஆபீஸ்ல போய்ப் படுத்துட்டேன்."

"அப்புறம்?"

"சாயந்தரம் போனேன். கதவு திறந்து கிடந்துச்சு. வாசப்படியில உக்காந்திருந்தா. ரெண்டு பேர் சோறும் அப்படியே இருந்துச்சு. மூணாவது தடவை கூப்பிட்டிருக்கலாமேன்னா. அவ்வளவுதான் கேட்டா. நான் பதில் சொல்லலை. அதுக்கப்புறம் அவ எதுவும் கேக்கறதை நிறுத்திட்டா."

செலின் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். அது குரல் பதிவுசெய்யும் கூண்டு. ஒரு மைக், ஒரு கண்ணாடி, ஒரு சின்ன விளக்கு.

"வாங்க சார். நீங்களே கூப்பிடுங்க."

"நானா? புருஷனா நடிச்சவரைக் கூப்பிட்டுடலாமே."

"அவருக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள தேதி கிடைக்காது."

அது பொய். வைரவனுக்கும் தெரியும்.

மைக் முன்னால் நின்று, "கௌசல்யா" என்றார். பால்காரர் கூப்பிடுவது போல இருந்தது. மறுபடி, "கௌசல்யா." இப்போது ரேஷன் கடையில் பெயர் வாசிப்பது போல இருந்தது.

"தெரிஞ்ச பேரைச் சொல்லுங்க" என்றார் செலின், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

"கதையில இவ பேரு கௌசல்யா, மேடம்."

"மத்த சீன்ல டப்பிங்ல மாத்திக்கலாம். சொல்லுங்க."

வைரவன் கண்ணாடியைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் செலின் மங்கலாகத் தெரிந்தார். தன் முகம்தான் தெளிவாகத் தெரிந்தது.

"அரசி" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வது போல, வந்துவிட்டேன் என்ற தைரியத்தில் சொன்னார்.

செலின் ஒரு விரலைக் காட்டினார். இன்னொரு தடவை.

"அரசி."

இதில் தைரியம் குறைந்திருந்தது. பாதியில் குரல் கரகரத்தது.

வைரவன் மூச்சை இழுத்தார். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்தது தொண்டைவரை வந்துவிட்டது. உதடு பிரிந்தது.

செலின் கையை உயர்த்தினார். பதிவை நிறுத்தினார்.

"மேடம், இன்னும் ஒண்ணு இருக்கு."

"படத்துக்கு ரெண்டு போதும்."

வைரவன் திறந்த வாயோடு மைக் முன்னால் நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சி வந்தார். பிரிவியூ தியேட்டரில் மூன்றாவது வரிசையில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கொட்டாவிக்குத் தயாராக வாயருகே கர்ச்சீப்பைப் பிடித்துக்கொண்டார்.

விளக்கு அணைந்தது.

உச்சிவெயில். ஒரு பெண். எதிரே கதவு. எங்கோ ஒரு காக்கை கத்தி நிறுத்தியது.

"அரசி."

பெண் தலையைத் தூக்கினாள். பாதி எழுந்தாள். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். கண் மட்டும் கதவை விடவில்லை.

அண்ணாச்சியின் கையிலிருந்த கர்ச்சீப் மடிக்கு இறங்கியது.

"அரசி."

பெண் எழுந்து நின்றாள்.

அதன் பிறகு திரையில் மூடிய கதவு மட்டும். சத்தமே இல்லை. காக்கையும் இல்லை. ஒரு வினாடி. மூன்று. ஆறு. வைரவனுக்கு அது தன் படம் என்பது மறந்துபோயிற்று.

"கூப்பிடுலே" என்றார் அண்ணாச்சி, இருட்டில்.

பதினோராவது வினாடியில் திரை கறுத்தது. படத்தின் பெயர் வந்தது.

விளக்கு போட்டபோது அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்தே நின்றுகொண்டிருந்தார். முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"மூணாவது குரல் எங்கய்யா?"

"இல்ல, அண்ணாச்சி."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் வெறும் திரையைப் பார்த்தார்.

"எங்க அம்மையும் மூணாவதுக்குத்தான் திறப்பா" என்றார். பிறகு செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு, "தீபாவளிக்குப் போட்டுருவோம். படம் உம்மதுதான்" என்று வைரவனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சாலிகிராமத்துக்குத் திரும்பிய வைரவன் இரண்டு இரண்டு படியாகத் தாவி எடிட்டிங் அறைக்கு ஏறினார். ஐம்பத்திரண்டு வயதுக்கு அது அதிகம். மூச்சு வாங்கிக்கொண்டே கதவைத் தள்ளினார்.

"ஜெயிச்சுட்டோம், மேடம். தீபாவளி ரிலீஸ். முதல் நாள் முதல் காட்சிக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துக்கிட்டு நேரா தேவகோட்டை போறேன். இனிமே தலை நிமிர்ந்து போகலாம்."

"இப்ப என்ன மாசம், சார்?"

"வைகாசி."

செலின் திரைப் பக்கம் திரும்பினார். கணினியில் அந்தக் கதவுக் காட்சியை மட்டும் எடுத்துப் போட்டார். மூடிய கதவு. பதினோரு வினாடி. முடிந்ததும் மறுபடி அதே கதவு. மறுபடி.

முதல் தடவை வைரவன் பெருமையோடு பார்த்தார். இரண்டாவது தடவை சிரிப்பு குறைந்தது. ஐந்தாவது தடவை, கதவை யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று உறைத்தது. அது வீட்டுக்குள்ளிருந்து பார்க்கும் கதவு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் நிற்காத இடம்.

எட்டாவது தடவை தாங்கவில்லை.

"போதும், மேடம். நிறுத்துங்க."

"பதினோரு வினாடிதான், சார்" என்றார் செலின்.

வைரவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் உச்சிவேளைக்குத் தேவகோட்டையில் பஸ் நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவில் ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை. அரசியின் அண்ணன் கடைக்குப் போயிருக்கும் நேரம். பச்சை வண்ணம் அடித்த ஒற்றைக் கதவு சாத்தியிருந்தது.

வைரவன் பையைக் கீழே வைத்தார். என்ன பேசுவது என்று பஸ்ஸில் எட்டு மணி நேரம் யோசித்து வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர். ஒரு வரிகூட நினைவில் இல்லை. திறக்காவிட்டால் எங்கே போவது என்றும் தெரியவில்லை. இந்த முறை திரும்பி நடப்பதாக இல்லை. மூன்று என்ன, முப்பது தடவை கூப்பிடலாம். சாயந்தரம்வரை கூப்பிடலாம்.

"அரசி" என்றார்.

உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. ஓடிவரும் சத்தம் கேட்டது. அவர் இரண்டாவது குரலுக்கு மூச்சை இழுப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

அரசி நின்றாள். கையெல்லாம் அரிசிமாவு. இளைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், கீழே காலைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"என்ன அரசி, முதல் குரலுக்கே திறந்துட்டே?"

"பேயா இருந்தாலும் வரட்டும்னுதான் திறந்தேன்" என்றாள் அவள்.